ஜப்பானின் வல்லூறு: வீரமா, அதிகாரமா?

கடல்காகம்: புத்தாண்டின் முதல் கனவில் ஃபூஜி மலை, வல்லூறு, கத்தரிக்காய் வந்தால் அந்த வருடம் அமோகம் என்பது ஜப்பானிய நம்பிக்கை. (கத்தரிக்காய் எப்படி உள்ளே வந்தது என்று கேட்காதீர்கள், அதற்குத் தனி இழை வேண்டும்.) சாமுராய் குடும்பங்கள் பல வல்லூறின் இறகைக் குலச்சின்னமாக வைத்திருந்தன. எஜமானின் சாவுக்கு 47 ரோனின்கள் (எஜமானை இழந்த சாமுராய்கள்) பழிவாங்கினார்களே, அந்த எஜமான் அசானோவின் சின்னமும் குறுக்காக வைத்த இரண்டு இறகுகள்தான். வல்லூறு என்றால் வீரம், அவ்வளவுதான்.

ஒத்தையடி: வீரம் எங்கே வந்தது? அது அதிகாரத்தின் சொத்து. எடோ (இன்றைய டோக்கியோ) நகரைச் சுற்றியிருந்த கிராமங்களை ஷோகன்கள் (பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர்கள்) வல்லூறு வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே விவசாயி தன் வயலில் மேயும் பறவையை இஷ்டத்துக்கு விரட்ட முடியாது. ஷோகனின் வல்லூறுக்கு இரை வேண்டுமே! அதை ஏவிப் பிடித்த கொக்கு, கியோட்டோவில் இருந்த பேரரசருக்குக் காணிக்கையாகப் போகும். கியோட்டோவில் ஷோகனுக்கு இருந்த நிஜோ கோட்டையின் சுவரோவியத்தில் பைன் மரத்திலிருந்து முறைக்கும் வல்லூறுகளும் ஷோகனைப் பார்க்க வந்த பிரபுக்களை மிரட்டத்தான்.

கடல்காகம்: அப்படியென்றால் ஷோகன் சுனயோஷி 1690களில் அந்த வேட்டையை நிறுத்தியது ஏன்? அதிகாரத்தின் அடையாளத்தை ஆள்பவரே தூக்கிப் போடுவாரா?

ஒத்தையடி: சுனயோஷியை உதாரணம் காட்டாதீர்கள் சார். நாயைக் கொன்றால்கூடக் கடும் தண்டனை என்று சட்டம் போட்டவர். 1716இல் பதவிக்கு வந்த யோஷிமுனே கையோடு வேட்டையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

வேப்பம்பூ: இரண்டு பேரும் பருந்தை மறந்துவிட்டீர்கள். அங்கே வல்லூறு மேட்டுக்குடி, பருந்து கீழ்க்குடி. சாதாரண அப்பா அம்மாவுக்குக் கெட்டிக்காரப் பிள்ளை பிறந்தால் ‘பருந்து வல்லூறைப் பெற்றது’ என்பார்கள். கைக்கு வந்ததை வேறொருவன் தட்டிக்கொண்டு போனால் ‘பொரித்த டோஃபுவைப் பருந்து தூக்கிப்போனது போல’. காமகுரா கடற்கரையில் இன்றைக்கும் சுற்றுலா வந்தவர் கையிலிருக்கும் தின்பண்டம் அப்படித்தான் பறிபோகிறது. ஆனால் முதல் பேரரசர் ஜிம்முவின் கதையில், போர்க்களத்தில் அவர் வில்லின் நுனியில் வந்து உட்கார்ந்து எதிரிகளின் கண்ணைக் கூசவைத்தது தங்கநிறப் பருந்து! வல்லூறு இல்லை.

கடல்காகம்: நல்லதாப் போச்சு. அந்தத் தங்கப் பருந்தின் பெயரில்தான் 1890இல் போர்வீரர்களுக்குப் பதக்கம் வந்தது. வீரம் என்று நான் சொன்னது இதைத்தான்.

ஒத்தையடி: பதக்கத்தைக் கொடுத்தது யார்? பேரரசின் பெயரால் நடந்த போர்களுக்காகக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் தோற்றபின், 1947இல், அது ஒழிக்கப்பட்டது. பறவைக்கே வீரம் இருந்தால் அரசு மாறியதும் பதக்கம் ஏன் போக வேண்டும்?

வேப்பம்பூ: சரி, வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்கு வாருங்கள். அங்கத்திய பூர்வகுடிகளான ஐனு மக்களுக்குப் பெரிய மீன் ஆந்தை ஊரைக் காக்கும் தெய்வம். அதற்கு வீரப் பதக்கமும் இல்லை, ஷோகனும் இல்லை. வேட்டைப் பறவை என்றாலே வாளும் கோட்டையும்தானா?

கடல்காகம்: ஐனு மரபு வேறு. அதைச் சாமுராய் கணக்கில் சேர்க்கக்கூடாது.

ஒத்தையடி: முழுக்க வேறு என்றும் சொல்ல முடியாது. அதே தீவிலிருந்துதான் மட்சுமாயே பிரபுக்கள் வல்லூறுகளைப் பிடித்து எடோவுக்கு அனுப்பினார்கள். ஆந்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை.