ஒரே ஒரு பழைய படத்தை வைத்து ரயில் கார்டு வேன் மாடல் செய்ய முடியுமா?

பசைவிரல்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா கேடிஎம்மில், அதாவது மலாயா ரயில்வேயில், தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் இருந்தவர், சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை அவர் கால் படாத சிலீப்பர் கட்டை (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடப்பது) இல்லை. அடுத்த மாதம் 80 முடிகிறது. அலமாரியில் வைக்க நாலு சக்கர கார்டு வேன் (ரயிலின் கடைசியில் கார்டு போகும் பெட்டி) ஒன்றை பிளாஸ்டிக் தகட்டில் நானே செய்து கொடுக்கலாம் என்று இறங்கிவிட்டேன். ஓட வேண்டாம், அலமாரியில் நின்றால் போதும்.

சிக்கல் இரண்டு. வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை, வீட்டில் இருந்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். ரயில் பெட்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில், நேர் பக்கவாட்டில் எடுத்தது. வேன் பக்கத்தில் அப்பா நிற்கிறார், தொப்பி நிழலில் முகம் பாதி தெரியாது. அவர் 5 அடி 6 அங்குலம், அதை வைத்துக் கணக்குப் போட்டேன். தண்டவாளத்திலிருந்து கூரை வரை 2.7 மீட்டர் வந்தது, 1:45 அளவில் 60 மில்லிமீட்டர். அட்டையில் வெட்டி நிறுத்திப் பார்த்தால் யாரோ தலையில் தட்டி உட்கார வைத்த மாதிரி இருக்கிறது.

இரண்டாவது, 0.5 மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டின் மேல் மெல்லிய பட்டைகளைப் பலகை மாதிரி வரிசையாக ஒட்டிப் பக்கச்சுவர் செய்தேன். ஒரு வாரம் சமத்தாக இருந்தது. இப்போது வாழைப்பழம் மாதிரி வளைந்து நிற்கிறது. அம்மாவின் அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தேன், எடுத்த மறுநாளே பழையபடி. நம்ம ஊர் ஈரக்காற்றுதான் காரணமா?

தடம்மாறி:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஆளை அளவுகோலாக வைப்பது எல்லோரும் செய்வதுதான், ஆனால் ஆள் வேனோடு ஒட்டி நிற்கவில்லை, அதற்கு முன்னால் நிற்கிறார். கேமரா அவரிடமிருந்து 5 மீட்டர் தள்ளி, வேன் அவருக்குப் பின்னால் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அவர் வேனைவிடப் பத்து சதவீதம் பெரிதாகத் தெரிவார், அந்த அளவுக்கு வேன் உங்கள் கணக்கில் சுருங்கிவிடும். போதாததற்கு அவர் நிற்பது ஜல்லி மேல், தண்டவாளத்தின் மேல்மட்டத்தில் இல்லை. அதையும் கழிக்க வேண்டும்.

மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மில்லிமீட்டர், அது நமக்குத் தெரியும், ஆனால் பக்கவாட்டுப் படத்தில் அது கண்ணிலேயே படாது. படத்தில் கட்டைகளின் நுனி தெரிகிறதா? அது கிட்டத்தட்ட வேன் சுவருக்கு நேர் கீழே வரும், அதனால் தூரப் பிரச்சினை குறைவு. ஒரு கட்டையை அளக்காதீர்கள், பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்தால் பிழை கரைந்துவிடும். நிஜ இடைவெளிக்கு புக்கிட் தீமா பழைய ஸ்டேஷனுக்குப் போங்கள், அங்கே தண்டவாளத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். டேப்பை மறக்காதீர்கள். நான் ஒரு தடவை மறந்து, செருப்பால் அளந்து, வீட்டுக்கு வந்து செருப்பை அளந்தேன்.

ஈசூன் கைவேலை:

வளைவுக்கு ஈரக்காற்றைத் திட்டாதீர்கள் தம்பி. காகித அட்டை என்றால் அதன் மேல் பழி போடலாம். ஸ்டைரீன் தண்ணீரைக் குடிக்காது. குற்றவாளி உங்கள் பசை. டாமியா கம்பெனியின் பச்சை மூடி மெல்லிய பசை மாதிரி எதுவானாலும் அது ஒட்டுவதே பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான். நீங்கள் ஒரு முகம் முழுக்கப் பூசிப் பட்டைகளை மூடியிருப்பீர்கள். உள்ளே மாட்டிய பசைக்கு வெளியேற வழி கிடையாது, நாள்கணக்கில் மெதுவாகக் கசிந்து காய்கிறது, காயும்போது அந்தப் பக்கத்தை இழுக்கிறது. ஒரு வாரம் சமத்தாக இருந்தது என்கிறீர்களே, அதுதான் அடையாளம். அம்மிக்கல் ஒன்றும் செய்யாது. அந்தச் சுவரைப் பெயின்ட் பழகிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக 1 மில்லிமீட்டர் தகட்டில் ஒரே துண்டாக வெட்டுங்கள். பலகைக் கோடுகளைக் கத்தி முனையின் முதுகுப்பக்கத்தால் கீறினால் போதும், பட்டையே வேண்டாம். முதல் இழுப்பு மெல்ல, சும்மா தடம் காட்ட மட்டும். மூன்றாவது இழுப்பில்தான் சுருள் சுருளாகச் சீவல் வரும், அப்போது கை தானாக அழுத்தும், அங்கேதான் கோடு விலகி ஓடும். 6 அங்குலப் பலகை உங்கள் அளவில் 3.4 மில்லிமீட்டர். பட்டைதான் ஒட்டுவேன் என்றால் சுவரின் உள்பக்கமும் அதே தடிப்பில் தகடு ஒட்டுங்கள், இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். உள்ளே குறுக்குச் சுவர் இரண்டு வையுங்கள். தரையில் நாலு ஓட்டை போடுங்கள், மூடிய பெட்டிக்குள் பசை நெடி அடைபடக் கூடாது. ஜன்னலுக்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், தெளிவான பிளாஸ்டிக் பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். வெள்ளைப் பசை போதும்.

ஈரக்காற்றுக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. மழை நாளில் ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் மேல் வெண்மை பூக்கும். ஏர்கான் அறையில் தூரிகையால் அக்ரிலிக் பெயின்ட் பூசுங்கள். அடுக்குமாடி புளோக் நடைபாதையில் ஸ்ப்ரே அடித்து எதிர்வீட்டு மாமியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

கேலாங் ராஜா:

ஒன்று புரியவில்லை. அப்பா கேங்கில் இருந்தவர், அந்தக் கட்டைகளைப் போட்டவரே அவர்தான், அவரை விட்டுவிட்டு டேப்போடு புக்கிட் தீமாவுக்கு எதற்கு? அதுவும் படம் எடுத்தது யார்டில், யார்டில் மெயின் லைனைவிட அகல இடைவெளி விடுவார்கள், புக்கிட் தீமாவில் அளந்தது இங்கே பொருந்தாமலும் போகலாம். பேசாமல் படத்தை எடுத்துப் போய் அவரிடமே கேளுங்கள்.

பசைவிரல்:

கேட்டேன். ரகசியம் போனது போனதுதான், பரவாயில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். யார்டு என்றால் கட்டைக்குக் கட்டை இரண்டரை அடி என்று யோசிக்காமல் சொன்னார், கையை விரித்தும் காட்டினார், அப்புறம் நான் அளந்தேன், சரியாகத்தான் இருந்தது. தடம்மாறி அண்ணே சொன்னபடி பத்து இடைவெளியை எடுத்துப் போட்டால் கூரை உயரம் 3.2 மீட்டர், 1:45-இல் 71 மில்லிமீட்டர். பழைய அட்டையைவிட 11 மில்லிமீட்டர் கூடுதல். நிறுத்திப் பார்த்தேன், இப்போதுதான் வேன் மாதிரி இருக்கிறது.

நிறம் கேட்டால்தான் குழப்பம். காலையில் மாதுளம் பழத்தோல் என்றார், ராத்திரி செங்கல் என்றார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கலக்கப் போகிறேன்.

இன்னொன்று. முன்னால் நிற்பதால் பத்து சதவீதம் என்றால் 2.7 கிட்டத்தட்ட 3 ஆகும், மீதி எங்கே போனது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்பா சொல்கிறார், இதில் நிற்பது நான் இல்லைடா, உன் சித்தப்பா. சித்தப்பா ஆறடி.