பாலாடை சேர்த்து அடித்தேன், வெண்ணெய் திரளவே இல்லை. என்ன பிழை?

உவர்மலை வீடு:
வணக்கம். தம்பலகாமத்திலிருந்து ஒருவர் தினமும் ஒன்றரை லீட்டர் பசும்பால் கொண்டுவந்து ஊற்றுகிறார். காய்ச்சி ஆறவைத்து, மேலே படரும் ஆடையை எடுத்து இரண்டு வாரமாக பிரீசரில் சேர்த்தேன். நேற்று டப்பா நிறைந்துவிட்டது. வெளியே வைத்து இளகவிட்டு, மதியச் சமையல் முடிந்த கையோடு பிளெண்டரில் அடித்தேன். முதலில் நுரைத்தது, பிறகு கொஞ்சம் தடித்தது, சரி வரப்போகிறது என்று இன்னும் அடித்தால் கஞ்சி மாதிரித் தளர்ந்துவிட்டது. இருபது நிமிடம் ஆயிற்று. மேலே மஞ்சளாக எண்ணெய் மினுங்குகிறது, ஜாரைத் தொட்டால் சுடுகிறது. இன்னும் அடிக்க வேண்டுமா? வீட்டுப் பட்டர் பூசிய பாண் கொண்டு வருவதாக மகள் வகுப்பில் சொல்லிவிட்டாள்.

கடற்கரை வீதி:
இரண்டு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள்.

கிண்ணியா நானா:
வினாகிரியும் வேண்டாம், இனி அடிக்கவும் வேண்டாம் தங்கச்சி. உங்கள் வெண்ணெய் வந்தபடியேதான் உருகிப் போயிருக்கிறது. பால்கொழுப்பு முப்பத்து மூன்று, முப்பத்து நாலு பாகையில் ஏறக்குறைய முழுக்க எண்ணெயாகிவிடும். கச்சான் என்கிற சூட்டுக் காற்று வீசுகிற இந்த மாதங்களில் மதியத்தில் நம் ஊர்க் குசினியே அந்தச் சூடுதான். அதற்கு மேல் மோட்டார் சூடு வேறு. ஆடை 10 முதல் 14 பாகைக்குள் இருந்தால்தான் கொழுப்பு மணிகள் பாதி இறுகியிருந்து, ஒன்றோடொன்று மோதும்போது ஒட்டித் திரளும். முழுக்க உருகிய கொழுப்பு சின்னச் சின்னத் துளியாக உடைந்து மோரோடு கலந்துவிடும். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் இன்னும் நன்றாகக் கலக்குமே தவிரப் பிரியாது.

கொட்டிவிடாதீர்கள். அப்படியே மூடி பிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பாதி ஜாருக்கு மேல் போடாமல், ஒரு கை ஐஸ்கட்டியும் ஐஸ் தண்ணீரும் சேர்த்து விட்டு விட்டு அடியுங்கள். பத்து விநாடி ஓடவிட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும். சத்தம் மாறும். கெட்டியாகச் சுழன்றது திடீரென்று சளக் சளக் என்று தண்ணீர்ச் சத்தம் போடும். அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

சாம்பல்தீவுப் பேத்தி:
நானா சொல்வதுதான். அம்மம்மா வீட்டில் பிளெண்டரும் இல்லை, பிரிட்ஜும் இல்லை. எருமைப்பாலைத் தயிராக்கி, விடியும் முன் மத்தால் கடைவார். இடையிடையே மண்பானைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். பானை கசிந்து கசிந்துதானே அந்தத் தண்ணீர் குளிர்ந்திருக்கும், ஐஸுக்கு அதுதான் பதில். ஒன்று கவனியுங்கள் அக்கா, அவர் வெறும் ஆடையைக் கடைந்ததே இல்லை. புளித்ததுதான் சுகமாகத் திரளும், வாசமும் வரும். அடுத்த முறை ஆடை இளகியதும் ஒரு கரண்டி தயிர் கலந்து ஐந்தாறு மணித்தியாலம் வெளியே வைத்து, பிறகு குளிரவைத்து அடியுங்கள்.

கந்தளாய் தம்பி:
நான் பால்மாவைக் கரைத்துக் காய்ச்சி ஆடை எடுக்கப் பார்க்கிறேன், படரவே இல்லையே?

கிண்ணியா நானா:
தம்பி, அது நடக்காது. பால்மா செய்யும்போதே பெரும்பாலும் கொழுப்பு மணிகளை நுணுக்கிவிடுவார்கள், மேலே மிதந்து வராது. பெட்டிப் பாலும் அப்படித்தான். கறந்த பால் வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பு ஏழு எட்டு வீதம், பசும்பாலில் நாலு வீதமளவில். அந்த வெண்ணெய் வெள்ளையாக இருந்தால் பயப்படாதே, எருமைக்கு நிறம் அதுதான்.

உவர்மலை வீடு:
நானா, வந்துவிட்டது! இரவே பிரிட்ஜில் வைத்தேன். விடியப் பார்த்தால் மேலே மஞ்சள் தட்டாக இறுகிக் கிடந்தது. ஐஸ் போட்டு ஆறேழு முறை விட்டு விட்டு அடித்தேன். அந்தச் சளக் சத்தம் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. கடுகளவு மணிகளாக மோரில் மிதந்தது, கரண்டியால் அழுத்த அழுத்த ஒன்றுசேர்ந்து தோடம்பழம் அளவு உருண்டை. ஆனால் கத்தியால் வெட்டினால் உள்ளிருந்து வெள்ளைத் தண்ணீர் துளிக்கிறது. அப்படியே வைக்கலாமா?

சாம்பல்தீவுப் பேத்தி:
வைத்தால் மூன்றாம் நாள் மணக்கும், நல்ல மணமாக இராது. அந்தத் துளி மோர்தான் பட்டரைக் கெடுக்கும். ஐஸ் தண்ணீரில் போட்டு மரக்கரண்டியால் மடித்து மடித்துப் பிசையுங்கள். தண்ணீர் பால்நிறமானதும் ஊற்றிவிட்டுப் புதிது விடுங்கள், தெளிவாக நிற்கும்வரை. எனக்கு நாலைந்து முறை தண்ணீர் மாற்ற வேண்டிவரும். கையால் பிசையாதீர்கள், கைச்சூட்டிலேயே இளகிவிடும். கடைசியில் நன்றாகப் பிழிந்து, கால் கிலோவுக்கு முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு போடுங்கள். முதல் மோரை வீசாதீர்கள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப்போட்டுக் குடிக்கலாம்.

உவர்மலை வீடு:
மோரை இவர் குடித்து முடித்துவிட்டார். ஐந்து தண்ணீர் மாற்றினேன், இப்போது துளிக்கவில்லை. மகளின் பாணில் பூசியாயிற்று, பாதி வழியிலேயே உருகிவிடும் என்று நினைக்கிறேன். அடுத்த டப்பாவுக்குத் தயிர் கலந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.