கருஞ்சீரக எண்ணெயும் மாமாவின் மாத்திரையும்

குழு: மஞ்சக்குப்பம் குடும்பம்
ஞாயிற்றுக்கிழமை

சரோஜா அத்தை, காலை 10.18
(பலமுறை பகிரப்பட்டது)
கருஞ்சீரக எண்ணெய்! மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து! காலை வெறும் வயிற்றில் 1 ஸ்பூன், இரவு 1 ஸ்பூன். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, மூட்டுவலி, தைராய்டு, முடி உதிர்தல் எல்லாம் பறந்துவிடும். 48 நாளில் மாத்திரைக்கு டாட்டா! சொந்தங்களுக்கு அனுப்புங்கள்!

சரோஜா அத்தை, 10.20
விற்கிற பையன் நமக்குத் தெரிந்தவன்தான். 200 மில்லி 650 ரூபாய். ஆறு பாட்டிலாக எடுத்தால் 550க்குத் தருகிறானாம். யார் யாருக்கு வேண்டும், சொல்லுங்கள்.

பெரியம்மா, 10.24
எனக்கு இன்னொன்று. போன தடவை வாங்கியது முட்டிக்குத் தடவியே பாதி தீர்ந்துவிட்டது.

அப்பா, 10.25
எனக்கும் ஒன்று போடு அக்கா. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பைத் தேற்றிக்கொள்கிறேன்.

பாபு, 10.27
முன்பு வெந்தயம் 250, ஓமம் 100, கருஞ்சீரகம் 50 என்று ஒரு பொடி சுற்றிக்கொண்டிருந்ததே? அதிலிருந்து கருஞ்சீரகம் மட்டும் பதவி உயர்வு வாங்கிவிட்டதா?

சரோஜா அத்தை, 10.29
நீ சென்னையில் உட்கார்ந்துகொண்டு கிண்டல் பண்ணு. உன் அப்பா போன மாதத்திலிருந்து குடிக்கிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 150க்கு மேல் இருந்தது, இப்போது 118.

நான், 10.33
அத்தை, மாமா சாப்பிடுகிற சர்க்கரை மாத்திரை அட்டையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்.

சரோஜா அத்தை, 10.36
(படம்)

நான், 10.38
கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி., இரண்டும் சேர்ந்த மாத்திரை. இதை நிறுத்திவிட்டாரா?

சரோஜா அத்தை, 10.39
இல்லை கண்ணு. ரெண்டும்தான் ஓடுகிறது. மண்டலம் முடிந்ததும் மாத்திரையை விட்டுவிடலாம் என்று இருக்கிறார்.

நான், 10.40
நடுவில் நடுக்கம், படபடப்பு, வியர்வை ஏதாவது?

சேகர் மாமா, 10.42
கடலூர் வெயிலில் யாருக்கும்மா வியர்க்காது?

நான், 10.42
ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதும் வியர்க்கிறதா மாமா?

சரோஜா அத்தை, 10.46
இப்போதுகூட வியர்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். சில்வர் பீச் வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். எண்ணெய் குடித்தால் கொஞ்ச நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதாம், அதனால் டிபன் தள்ளிப் போய்விட்டது. மாத்திரை வழக்கம்போல ஏழரைக்கே போட்டாயிற்று. பேப்பர் பிடித்திருக்கிற கை ஆடுகிறது.

நான், 10.47
அத்தை, மெஷினில் இப்போதே பாருங்கள். பதில் எழுத வேண்டாம், முதலில் பாருங்கள்.

பாபு, 10.47
அம்மா, போனை எடு.

சரோஜா அத்தை, 10.52
64

பெரியம்மா, 10.52
குறைந்திருக்கிறதே, நல்லதுதானே?

நான், 10.53
நல்லதில்லை பெரியம்மா. 70க்குக் கீழே வந்தாலே தாழ்ந்த சர்க்கரை. அத்தை, மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து இப்போதே கொடுங்கள். தேன், பனங்கற்கண்டு என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், கைக்கு எட்டுகிற வெள்ளைச் சர்க்கரை போதும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கூப்பிட்டால் சரியாகப் பதில் வரவில்லை, நினைவு தப்புகிறது என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108.

அப்பா, 10.55
மாமா, வண்டியை எடுத்துக்கொண்டு வரட்டுமா?

சேகர் மாமா, 11.02
யாரும் வர வேண்டாம். குடித்துவிட்டேன். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவனுக்கு, மூன்று ஸ்பூன் சர்க்கரை வைத்தியம்!

பாபு, 11.03
ஜோக் வந்துவிட்டது. அப்படியென்றால் பரவாயில்லை.

சரோஜா அத்தை, 11.09
92

நான், 11.10
சரி, நல்லது. ஆனால் இத்தோடு விட்டுவிடக் கூடாது. கிளிமிபிரைடின் வேலை நாள் முழுக்க நீளும், மறுபடி இறங்கலாம். இப்போது இட்லியோ தோசையோ சாப்பிடட்டும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். இன்று வண்டி ஓட்ட வேண்டாம், தனியாக வெளியே அனுப்பவும் வேண்டாம்.

பாபு, 11.21
மீனா அக்கா, எல்லாம் இந்த எண்ணெயால்தானா? அந்தப் பையனைச் சும்மா விடக் கூடாது.

நான், 11.30
எண்ணெய்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன் பாபு. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் அவ்வளவு தூரம் நடந்தாலே இப்படி இறங்கும். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. கருஞ்சீரகமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சர்க்கரையை இறக்கும். மூன்றும் ஒரே காலையில் சேர்ந்துகொண்டன.

பாபு, 11.32
அப்போ அது வேலை செய்கிறது என்கிறீர்களா? நான் சும்மா பூச்சாண்டி என்றல்லவா நினைத்தேன்.

நான், 11.44
அங்கேதான் எல்லாரும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறோம். ஒரு பக்கம் சர்வரோக நிவாரணி, இன்னொரு பக்கம் வெறும் ஏமாற்று. உண்மையில் அதில் சரக்கு இருக்கிறது. தைமோகுயினோன் என்று ஒரு பொருள், அதை வைத்து நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றிலும் சிறிய அளவில் குறைவு தெரிகிறது. ஆனால் அவை பெரும்பாலும் சில டஜன் பேரை வைத்து இரண்டு மூன்று மாதம் பார்த்தவை. அதிலும் பெரும்பாலானவர்கள் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே இதையும் சேர்த்துக்கொண்டவர்கள். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை மட்டும் குடிக்கலாம் என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. எனக்குப் பயமே அது வேலை செய்யாது என்பதால் இல்லை, கொஞ்சம் வேலை செய்யும் என்பதால்தான். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரை எதை எடுத்தாலும் அதன் மேல் இது ஏறி உட்காரும். டாக்டர் அளவு பார்த்து எழுதியிருக்கும்போது, அவருக்குத் தெரியாமல் நாம் இன்னொரு கை போடுகிறோம்.

சேகர் மாமா, 11.50
நீ மருந்துக்கடையில் நிற்கிற பெண். மாத்திரைக்குத்தான் பரிந்து பேசுவாய்.

நான், 11.52
எங்கள் லாஸ்பேட்டை கடையிலும் இதே எண்ணெய் கேப்ஸ்யூலாக அடுக்கி வைத்திருக்கிறது மாமா. மெட்ஃபார்மின் பத்து மாத்திரை விற்பதைவிட அதில் ஒரு டப்பா விற்றால்தான் முதலாளிக்குச் சந்தோஷம்.

பாபு, 11.52
அப்பா அவுட்.

நான், 11.58
கேப்ஸ்யூல் என்றதும் இன்னொன்று. அது ஒன்று 500 மி.கி. ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய நாலரை கிராம், அதாவது ஒன்பது கேப்ஸ்யூலை ஒரே மடக்கில் விழுங்குகிற மாதிரி. இரவு இன்னொரு ஸ்பூன் என்றால் பதினெட்டு. பெரும்பாலான ஆய்வுகளில் கொடுத்ததே ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து மூன்று கிராம் வரைதான். அத்தை, எந்த ஸ்பூனில் கொடுக்கிறீர்கள்?

சரோஜா அத்தை, 12.01
சாம்பார் பரிமாறுகிற சின்னக் கரண்டி.

நான், 12.01
ஐயோ அத்தை.

தேவி அக்கா, 12.06
இப்போதுதான் எல்லாவற்றையும் படித்து முடித்தேன். மாமா எப்படி இருக்கிறார்?

சரோஜா அத்தை, 12.10
நாலு இட்லி சாப்பிட்டார். இப்போது 131. நன்றாகத்தான் பேசுகிறார், சண்டைக்கும் வருகிறார்.

தேவி அக்கா, 12.12
அம்மா எனக்கும் இந்த எண்ணெயை வில்லியனூருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். முதுகுவலிக்கு நல்லதாம். நான் ஐந்தாவது மாதம், குடிக்கலாமா மீனா?

நான், 12.13
வேண்டவே வேண்டாம் அக்கா. நான் ரொட்டியில் நாலு விதை ஒட்டியிருந்தால் சாப்பிடு, ஊறுகாயில் இருந்தால் சாப்பிடு. மருந்து அளவில் எண்ணெயைக் கர்ப்பிணிகள் குடிப்பது பாதுகாப்பு என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. முதுகுவலிக்கு உன் டாக்டரைக் கேள்.

பெரியம்மா, 12.20
என் மாமியார்கூட அப்படித்தான். கருஞ்சீரகத்தைப் பிள்ளை பெற்ற அப்புறம்தான் வறுத்து இடித்துக் கொடுப்பார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தொடவிட மாட்டார். நான்தான் மறந்துபோய்க் கொடுத்தனுப்பிவிட்டேன். தேவி, அதைத் தனியாக எடுத்து வை.

நான், 12.22
அந்தப் பாட்டிக்கு ஒரு கும்பிடு. பெரியம்மா, முட்டிக்கு அப்படியே தடவுகிறீர்களா, வேறு எண்ணெயில் கலந்தா?

பெரியம்மா, 12.24
அப்படியேதான். தடவித் துணி சுற்றிப் படுத்துவிடுவேன். இரண்டு நாளாக அந்த இடம் சிவந்து அரிக்கிறது. மருந்து இழுக்கிறது என்று அந்தப் பையன் சொன்னான்.

நான், 12.27
இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. இந்த எண்ணெய் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், கொப்புளமே போட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், துணியைக் கழற்றுங்கள். நாளைக்கும் சிவப்பு போகவில்லை என்றால் தோல் டாக்டரிடம் காட்டிவிடலாம்.

அப்பா, 12.31
என் கதை என்ன?

நான், 12.34
அப்பா, நீங்கள் ஆஸ்பிரின் சாப்பிடுகிற ஆள், அடுத்த மாதம் ஆபரேஷன் வேறு. இது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம், மயக்க மருந்து நேரத்தில் சர்க்கரை, பிரஷரையும் ஆட்டலாம். குடிக்கிறவர்களே அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்பார்கள். நீங்கள் ஆரம்பிக்கவே வேண்டாம். ஆஸ்பிரினை நிறுத்துவதா வேண்டாமா என்பதை மட்டும் சர்ஜன் சொல்லட்டும், நாம் முடிவெடுக்கக் கூடாது.

அப்பா, 12.35
அக்கா, என் பாட்டிலைக் கேன்சல் பண்ணிவிடு.

சரோஜா அத்தை, 12.41
எல்லாம் சரி. ஆனால் 150 எப்படி 118 ஆனது? அதைச் சொல்லு.

பாபு, 12.42
அம்மா, அப்பா எப்போதிலிருந்து நடக்கிறார்?

சரோஜா அத்தை, 12.44
எண்ணெய் ஆரம்பித்ததிலிருந்துதான். ராத்திரி சோற்றையும் விட்டுவிட்டு இரண்டு தோசையோடு நிறுத்திக்கொள்கிறார். டீயில் சர்க்கரையும் இல்லை.

பாபு, 12.44
பாராட்டு மட்டும் பாட்டிலுக்கா?

சேகர் மாமா, 12.49
பக்கத்து வீட்டு பாத்திமா சகோதரி வீட்டில் பரம்பரையாகச் சாப்பிடுகிறார்களே. அவர்கள் மார்க்கத்திலேயே சொல்லியிருக்கிறது.

சரோஜா அத்தை, 12.56
அவரைத்தான் இப்போது வாசலில் கேட்டுவிட்டு வந்தேன். நபிகள் சொன்னது என்று அவர்கள் வீட்டில் தேனோடு ஒரு சிட்டிகை விதை சாப்பிடுகிறார்கள். கரண்டியில் எண்ணெய் குடிப்பதில்லை. இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். "மாத்திரையை விடச் சொல்லி யார் சொன்னது?" என்று என்னையே கேட்கிறார்.

தேவி அக்கா, 12.58
சிறுநீரகத்துக்கு ஆகாது என்று எங்கேயோ படித்தேனே?

நான், 13.05
கருஞ்சீரக மாத்திரை சாப்பிட்ட சர்க்கரை நோயாளி ஒருவருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததாக ஒரு மருத்துவ இதழில் பதிவு உண்டு. ஒருவருக்கு நடந்ததை வைத்து ஊரையே பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) கூடியிருக்கிறவர்கள் இதன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. மாமா, உங்களுக்குக் கடைசியாக எப்போது கிரியேட்டினின் பார்த்தார்கள்?

சேகர் மாமா, 13.08
ஞாபகம் இல்லை.

நான், 13.09
நாளைக்கு அதையும் பார்த்துவிடலாம். அத்தை, பாட்டில் லேபிளை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

சரோஜா அத்தை, 13.13
(படம்)

நான், 13.22
கீழே பொடி எழுத்தில் பாருங்கள். ஊட்டச்சத்துத் துணைப்பொருள், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அவர்களே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதே ஆட்கள் வாட்ஸ்அப்பில் சர்க்கரையைக் குணப்படுத்தும் என்கிறார்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே சட்டம் இருக்கிறது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறது, சரிதான். அது தயாரிப்பவர் உரிமம் வாங்கியிருக்கிறார் என்பதற்கு அடையாளம், நோய் தீரும் என்பதற்கு இல்லை. பிழிந்த தேதியைக் காணவே காணோம். வெளிச்சமும் சூடும் பட்டால் காறிப்போகிற எண்ணெய் இது. வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறீர்களே அத்தை!

பெரியம்மா, 13.30
அப்போ வீட்டில் இருக்கிற விதையையும் கொட்டிவிடுவதா?

நான், 13.36
அதை ஏன் கொட்ட வேண்டும்? சமையலில் போடுகிற அளவில் அது காலங்காலமாக இருப்பதுதான். மாவடு, எலுமிச்சை ஊறுகாய் எதில் வேண்டுமானாலும் போடுங்கள். வாங்கும்போது மட்டும் பார்த்து வாங்குங்கள், வெங்காய விதையும் பார்க்க இதே மாதிரி கறுப்பாகத்தான் இருக்கும். இரண்டு விதையை விரலில் நசுக்கினால் ஓமமும் மிளகும் கலந்த நெடி மூக்கில் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அது கருஞ்சீரகம் இல்லை.

சேகர் மாமா, 14.10
தூங்கி எழுந்துவிட்டேன். இப்போது 124. மீனா, எண்ணெயை நிறுத்திவிடுகிறேன். மாத்திரையையும் குறைக்கச் சொல்வாரா டாக்டர்?

நான், 14.14
சொல்லலாம் மாமா. நடக்கிறீர்கள், சோறு குறைந்திருக்கிறது, 64 வரை இறங்கியும் இருக்கிறது. கிளிமிபிரைடு அளவைக் குறைக்க அவருக்கு இதெல்லாம் காரணம் ஆகலாம். ஆனால் எண்ணெய் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டை, பாட்டில், மெஷினில் பதிவான எண்கள் மூன்றையும் கொண்டுபோங்கள். நாளைக் காலை மாத்திரை எப்படிப் போடுவது என்று இன்றைக்கே போனில் அவரைக் கேட்டுவிடுங்கள்.

பாபு, 14.20
மெஷினுக்கு ஸ்ட்ரிப் தீரப்போகிறது என்று அம்மா சொன்னாள். ஆர்டர் போட்டுவிட்டேன், நாளை மறுநாள் வரும்.

சரோஜா அத்தை, 14.45
டாக்டரிடம் பேசிவிட்டோம். நாளைக் காலை டிபன் சாப்பிட்ட பிறகு மெட்ஃபார்மின் மட்டும் தனியாகப் போடச் சொல்லியிருக்கிறார், மற்றதை நேரில் பார்த்துச் சொல்கிறாராம். பத்தரை மணிக்கு வரச் சொன்னார். தம்பி, நீ வண்டி கொண்டுவந்துவிடு. இவர் தானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

அப்பா, 14.47
பத்து மணிக்கு வாசலில் இருப்பேன்.