புதுப்பிப்பு: போர்ட் பிலிப் விரிகுடாவின் சேற்றுச் சோதனை

ஆஸ்திரேலியாவின் போர்ட் பிலிப் விரிகுடாவில் உள்ள மெல்பர்ன் துறைமுகத்தின் கப்பல் வழியை ஆழப்படுத்திய பணியைப் பற்றி நான் முன்பு எழுதியபோது, தூர்வாருவதற்கு முன் கடலடியின் மேற்பரப்பில் கொஞ்சம் சேற்றை அள்ளி, மாசு இருக்கிறதா என்று சோதித்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது என்பதே என் உறுதியான கருத்து. பழைய மாசு பல இடங்களில் புதிய வண்டலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் என்பதால், தூர்வாரும் ஆழம் வரை குழாயை இறக்கி, மண்ணை உருளையாக எடுத்து, நெடுக்காகப் பிளந்து, அடுக்கு அடுக்காகச் சோதிக்க வேண்டும். ஈயம், பாதரசம் போன்றவை மணலைவிட நுண்ணிய களிமண்ணிலேயே அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே துகள்களின் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு பங்கு சேற்றுடன் நான்கு பங்கு நீரைச் சேர்த்து அரை மணி நேரம் கலக்கி, தெளியவிட்டு, வடிகட்டிய நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று அளப்பார்கள். சேற்றில் தங்கியிருக்கும் நஞ்சு வேறு, கிளறும்போது நீரில் கலக்கும் நஞ்சு வேறு. நீந்தும் மீன்களை முதலில் எட்டுவது இரண்டாவதுதான்.

2008 பிப்ரவரியில் தொடங்கி 2009இல் முடிந்த அந்தப் பணியில், மெல்பர்ன் வழியே ஓடும் யாரா ஆற்றின் மாசடைந்த வண்டலைத் தனியாகப் பிரித்து, விரிகுடாவின் அடியில் கரை கட்டிய இடத்தில் இட்டு, அதன்மேல் சுத்தமான மணலைப் பரப்பி மூடினார்கள்.