உள்ளீட்டுச் சரிபார்ப்பு: எல்லா வகைக்கும் ஒரே மெத்தடா, வகைக்கு ஒன்றா?

கேள்வி:
வணக்கம். எங்கள் சி ஷார்ப் லைப்ரரியில், ஒரு மதிப்பு உரிய எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் மெத்தட் (செயற்கூறு) இன்ட், லாங், டெசிமல், டபுள் என எண் வகைக்கு ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் வரிகள் எல்லாவற்றிலும் ஒன்றே என்பதால், ஐகம்பேரபிள்<T> கட்டுப்பாடு (தன் வகை மதிப்புகளோடு ஒப்பிடத்தக்க வகைகள் மட்டும்) கொண்ட ஒரே ஜெனரிக் மெத்தடாக, அதாவது பல வகைகளுக்கும் பொதுவான மெத்தடாக மாற்ற விரும்புகிறேன். வேகம் குறையுமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1:
வேகம் குறையாது. இன்ட் போன்ற மதிப்பு வகை ஒவ்வொன்றுக்கும் டாட்நெட் (சி ஷார்ப் நிரல்களை இயக்கும் தளம்) தனி இயந்திரக் குறியீட்டை உருவாக்கிக்கொள்வதால், உள்ளீட்டை ஆப்ஜெக்ட் ஆக வாங்காதவரை பாக்ஸிங் (மதிப்பை ஒரு பொருளுக்குள் பொதியும் கூடுதல் வேலை) நேராது. டாட்நெட் 8 இல் சேர்ந்த, எதிர்ம எண்ணை மறுக்கும் மெத்தடும் ஜெனரிக்தான். ஜாவாவில் அடிப்படை வகைகள் ஜெனரிக்கில் நேரடியாக நுழைய முடியாது. அங்கே தனித்தனி ஓவர்லோடுகளுக்கு (ஒரே பெயரில், வகைக்கு ஒன்றாக எழுதும் மெத்தடுகளுக்கு) நியாயம் உண்டு.

மறுமொழி 2:
வேகத்தைப் பற்றி மேலே சொன்னது சரி. நான் அஞ்சுவது டபுள் வகையைப் பற்றித்தான். தசமப் புள்ளி எண்களைக் கணினி கையாளும் முறையை வரையறுக்கும் ஐஇஇஇ 754 தரத்தின்படி, எண்ணல்ல என்பதைக் குறிக்கும் என்ஏஎன் மதிப்பைச் சிறிதா, பெரிதா என்று எதனோடு ஒப்பிட்டாலும் விடை பொய் என்றே வரும். எனவே கீழெல்லையைவிடச் சிறிதா, மேலெல்லையைவிடப் பெரிதா என்று <, > குறிகளால் கேட்டு மறுக்கும் மெத்தட் அதை உள்ளே விட்டுவிடும். ஐகம்பேரபிள்<T> வழியே ஒப்பிடப் பயன்படும் கம்பேர்டூ மெத்தடின் கணக்கு வேறு: டாட்நெட்டில் அது என்ஏஎன் மதிப்பை எல்லா எண்களுக்கும் கீழே வைக்கிறது. ஆகவே ஜெனரிக்குக்கு மாறியதும், இரண்டு எல்லைகளையும் பார்க்கும் சரிபார்ப்பு அதை மறுக்கும்; மேலெல்லையை மட்டும் பார்ப்பது முன்போலவே அனுமதிக்கும். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்து வந்த ஒரு சராசரி இப்படி நுழைந்து, பல கணக்குகள் தாண்டி வெளிப்பட்டபோது, அதன் மூலத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின.

டபுளுக்குத் தனி ஓவர்லோடு வைத்து, முதல் வரியிலேயே என்ஏஎன் மதிப்பை மறுத்துவிடுங்கள். இரண்டும் சமமாகப் பொருந்தும்போது கம்பைலர் ஜெனரிக் அல்லாததையே தேர்ந்தெடுக்கும். ஃபுளோட்டுக்கும் (டபுளைவிடத் துல்லியம் குறைந்த எண் வகை) ஒன்று கட்டாயம் தேவை. இல்லாவிட்டால், டபுளாக மாற்றுவதைவிட ஜெனரிக்கே நேரடிப் பொருத்தம் என்பதால் அந்த மதிப்புகள் ஜெனரிக் வழியே போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் டபுள் மெத்தட் குறிகளால்தான் ஒப்பிடுகிறது; அதை ஜெனரிக்கில் சேர்க்காமல் திருத்துகிறேன். மற்ற மூன்றையும் நீக்கிவிடலாமா?

மறுமொழி 3:
அவை பப்ளிக் (லைப்ரரிக்கு வெளியிலிருந்தும் அழைக்கக்கூடியவை) என்றால் உடனே நீக்க வேண்டாம். பழைய பதிப்போடு கம்பைல் செய்யப்பட்ட நிரல்கள், மீண்டும் கம்பைல் செய்யாமல் புதிய பதிப்போடு இயங்கும்போது, அந்த மெத்தடைக் காணாமல் நின்றுவிடும். உள்ளே ஜெனரிக்கை அழைக்கும்படி மாற்றி, கைவிடப்படவிருப்பதாகக் குறித்து, அடுத்த பெரிய பதிப்பில் நீக்குங்கள்.