கிறிஸ்துமஸ் திகில் பட வரிசையின் ஐந்தாம் பாகம்: பார்த்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்

மார்த்தாண்டம் வாசகர் கேட்கிறார்:

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் இளைஞர்கள், வேலை முடிந்த இரவில் ஒரு வீட்டில் கூடித் திகில் படம் பார்ப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். 1991இல் திரையரங்குக்கு வராமல் நேரடியாக வீடியோவில் வெளியான 'சைலன்ட் நைட், டெட்லி நைட் 5: தி டாய் மேக்கர்' என்ற படத்தை ஒருவர் முன்மொழிந்துள்ளார். முந்தைய நான்கு பாகங்களையும் பார்க்காதவர்களுக்கு இது விளங்குமா? குறைந்த செலவில் எடுத்த படத்தில் கொலைகாரப் பொம்மைகள் நம்பும்படி இருக்கின்றனவா? அந்த வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளைகளும் இருப்பதால், அவர்களையும் உடன் அமர்த்தலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நாகர்கோவில் வாசகர்:

தாராளமாக விளங்கும், நண்பரே. கிறிஸ்துமஸ் தாத்தா உடையில் கொலை செய்பவனைக் காட்டிய முதல் பாகம் 1984 நவம்பரில் வந்தபோது, அமெரிக்கப் பெற்றோர்கள் திரையரங்கு வாசல்களில் நின்று எதிர்ப்புத் தெரிவித்ததால், விநியோக நிறுவனம் சில வாரங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதி முதல் படத்தின் காட்சிகளே. நான்காம் பாகத்தை இயக்கிய பிரையன் யுஸ்னா பழைய கதையை அடியோடு விட்டுவிட்டார். அவர் தயாரித்து, எழுத்திலும் பங்கேற்று, மார்ட்டின் கிட்ரோசர் இயக்கிய இந்த ஐந்தாம் பாகமும் தனிக்கதைதான்.

இதில் பொம்மைக் கடைக்காரர் ஜோ பெட்டோவாக வருபவர் மிக்கி ரூனி. முதல் பாகத்தைப் பகிரங்கமாகக் கடுமையாகக் கண்டித்த அதே மூத்த நடிகர், ஏழாண்டுகள் கழித்து இந்த வரிசையிலேயே நடித்ததைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. குடித்துவிட்டு மகனை அடிக்கும் தகப்பனை, இது மலிவான படம்தானே என்ற அலட்சியம் துளியும் இல்லாமல் அவர் நடித்திருக்கிறார்.

குளச்சல் வாசகர்:

பொம்மைகளைப் பற்றி நான் சொல்கிறேன். தொடக்கக் காட்சியில், இரவில் வீட்டு வாசலில் அனுப்பியவர் பெயரில்லாத ஒரு பரிசுப்பெட்டி இருக்கிறது. சிறுவன் டெரெக் அதை எடுக்கிறான்; தகப்பன் அவனைக் கடிந்து மாடிக்கு விரட்டிவிட்டுத் தானே பிரிக்கிறான். உள்ளே கிறிஸ்துமஸ் தாத்தா முகம் கொண்ட உருண்டைப் பொம்மை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கைகால்கள் நீண்டு அவன் முகத்தைக் கவ்விக்கொள்ள, அவன் தடுமாறிக் கணப்படுப்பின் இரும்புக் கம்பியில் விழுந்து சாகிறான். மாடிப்படியிலிருந்து அத்தனையையும் பார்த்த சிறுவன் அதன்பின் வாய் பேசுவதில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

சிறப்பு ஒப்பனையும் பொம்மை வேலையும் 'ஸ்கிரீமிங் மேட் ஜார்ஜ்' என்ற பெயரில் இயங்கிய ஜப்பானியக் கலைஞருடையவை. கணினி வரைகலை இல்லாமல், ரப்பரும் கம்பியும் விசையும் கொண்டு கையால் இயக்கியவை என்பதால், அந்த உருண்டைக்கும் பின்னால் வரும் புழுப் பொம்மைக்கும் கண்முன் கிடக்கும் பொருளின் கனம் இருக்கிறது. பணம் போதாமை வீடுகளிலும் தெருக்காட்சிகளிலும் தெரிகிறதே தவிர, பொம்மைகளில் தெரியவில்லை.

தக்கலை வாசகர்:

அண்ணன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நடுப்பகுதியில், டெரெக்கின் தாயைப் பின்தொடரும் அந்நியன் யார் என்ற மர்மத்தைத் தேவைக்கு மேல் இழுத்துவிட்டார்கள். ஆனால் முடிவில் எல்லாம் ஒன்றுகூடுகிறது. (முடிவை அறிய விரும்பாதவர்கள் இப்பத்தியைத் தவிர்க்கலாம்.) பெட்டோவின் மகன் பீனோ மனிதப் பிள்ளை அல்ல; தகப்பன் செய்த இயந்திரப் பிள்ளை. கார்லோ கொல்லோடியின் 1883ஆம் ஆண்டு மரப்பொம்மைச் சிறுவன் 'பினோக்கியோ' கதையை இங்கே தலைகீழாக்கியிருக்கிறார்கள். உண்மையான பிள்ளையாக முடியாமல், அடிபட்டு, பழுதுபார்க்கப்பட்டு, மீண்டும் அடிபட்ட ஒன்று, தனக்கொரு தாய் வேண்டுமென்று டெரெக்கின் தாயைக் குறிவைக்கிறது. எனக்கு அச்சத்தைவிட இரக்கமே மிஞ்சியது.

பிள்ளைகளை உடன் அமர்த்துவது கூடவே கூடாது. பாலுறவுக் காட்சி இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது வேறு. நம் மாவட்டத்தில் டிசம்பர் முழுவதும் கேரல் குழுவோடு கிறிஸ்துமஸ் தாத்தா வீடுவீடாக வருகிறார். பாட்டு ஒலிக்கும்போதும் அசையாத அந்தப் பிளாஸ்டிக் முகமூடியின் வாயைக் கண்டு, மிட்டாய் வாங்கவும் துணியாமல் தாயின் சேலைக்குள் ஒளிகிற பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். வாசலுக்கு வரும் பரிசும் தாத்தாவும் கொல்லும் என்று காட்டும் படத்தை, அதுவும் அந்த வாரத்திலேயே, அவர்கள் கண்ணில் படவிடாதீர்கள்.

மார்த்தாண்டம் வாசகர்:

மூவருக்கும் மிக்க நன்றி. பிள்ளைகள் இல்லாத வேறொரு நண்பர் வீட்டுக்கு ஏற்பாட்டை மாற்றிவிட்டோம். முடிவைச் சொல்லும் பத்தியை நான் படித்துவிட்டேன் என்பதை மற்றவர்களிடம் சொல்லப்போவதில்லை. தமிழ் வசன வரிகளோடு இப்படம் கிடைக்குமா என்பதை அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.