எஃப்எஃப்எம்பெக் ஃபில்டர்: 1366 அகலத்தில் மட்டும் படம் சாய்கிறது

கேள்வி: எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளுக்கு சி-யிலும் ஏவிஎக்ஸ்2-விலும் (ஒரே தடவையில் 32 பைட்டைக் கையாளும் சிபியு கட்டளைகள்) புது ஃபில்டர் எழுதுறேன். 1920 அகல வீடியோ சரியா வருது. 1366-இல் படம் மூலைவாட்டா இழுபடுது. ஏவிஎக்ஸ்2-வில் கிராஷும் ஆகுது. எங்கே பார்க்கணும்?

பதில் 1: அடுத்த வரிக்குப் போக அகலத்தைக் கூட்டுறீங்க போல. கூட்ட வேண்டியது லைன்சைஸ், அதாவது மெமரியில் ஒரு வரித் தொடக்கத்துக்கும் அடுத்த வரித் தொடக்கத்துக்கும் உள்ள பைட் தூரம். 1920 என்பது 64-இன் மடங்கு. ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணா அமைஞ்சு தப்பு மறைஞ்சிடும். 1366-க்கு வரி முடிவில் நிரப்பு பைட்டுகள் வரும். படத்தைத் தலைகீழாக்கும் வீஃபிளிப் ஃபில்டருக்குப் பிறகு லைன்சைஸ் மைனஸிலும் வரும், அதை அன்சைண்டா (மைனஸ் ஏற்காத எண் வகையா) வைக்காதீங்க.

பதில் 2: கிராஷும் அதே தப்பாத்தான் இருக்கும். 1366 என்பது 32-ஆல் வகுபடாது. இரண்டாவது வரியிலேயே அலைன்டு லோட் (32-இன் மடங்கான முகவரியில் மட்டும் படிக்கும் கட்டளை) விழுந்திடும். திருத்திட்டு, முன்னாடி படத்தின் ஓரத்தை வெட்டும் கிராப் ஃபில்டர் போட்டும் ஓட்டுங்க. அது பாயிண்டரையே நகர்த்தும், அதனால அன்அலைன்டு லோட்தான் பத்திரம். சந்தேகமா இருந்தா சிபியுஃபிளாக்ஸ் 0 கொடுங்க, அசெம்பிளி இல்லாம சி கோடு மட்டும் ஓடும். அப்பவும் கெட்டா சி கோடுதான் காரணம். அசெம்பிளிக்கு செக்ஆசம் டெஸ்ட் (அசெம்பிளி விடையை சி விடையோடு ஒப்பிடுவது) கட்டாயம் எழுதுங்க.

பதில் 3: 4:2:0-வில் (குரோமா எனும் நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வைக்கும் வடிவம்) ஒற்றைப்படை அகலம் வந்தா குரோமா அகலத்தை மேல்நோக்கி முழுமையாக்கணும். வெறும் ரைட் ஷிஃப்ட் போட்டா கடைசி பத்தி விடுபடும். ஃபேட் டெஸ்டுக்கு (எஃப்எஃப்எம்பெக்கின் தானியங்கிச் சோதனைத் தொகுப்பு) அப்படி ஒற்றைப்படை அகலமுள்ள ஒரு சின்ன அளவையே எடுங்க, 1920 எதையும் பிடிக்காது.